செண்பகத்தோப்பின் நடைக்கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்களில் பலர் ஆண்டாளைத் தரிசித்து, வடபத்ரசாயியின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, பால்கோவாப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊருக்கு மேற்கே, ராஜபாளையம் போகும் சாலையை ஒட்டி, மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமியும் சிவகாமி அம்பாளும் எழுந்தருளியிருக்கும் பழைய சிவாலயத்தை அவர்கள் நினைப்பதில்லை. திருமலை நாயக்க மன்னர் தம்மை வாட்டிய வயிற்று நோய் இந்தச் சந்நிதியில் தீர்ந்ததென்று நம்பி, அதன்பின் இங்கே உச்சிக்காலப் பூஜை நிறைவேறிய செய்தி எட்டிய பிறகே மதுரை அரண்மனையில் போஜனம் கொள்வது என்று விரதம் பூண்டார் என்றும், அச்செய்தியைக் கொண்டு செல்வதற்காக எழுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி நெடுகிலும் நகரா மண்டபங்களைக் கட்டி, ஒன்றின் முழக்கத்தைக் கேட்டு அடுத்தது முழங்கும்படி ஏற்பாடு செய்தார் என்றும் இவ்வூரில் கர்ணபரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் இதை எப்படி மதிப்பிட்டாலும், ஓரிடத்தில் ஒரு வேளையில் நிகழ்ந்ததை, இடமும் வேளையும் பிசகாமல், அதைக் கண்ணால் காணாத ஒருவரிடம் கொண்டு சேர்க்க மனிதன் எவ்வளவு பிரயாசை எடுத்துக்கொண்டான் என்பதை அந்தக் கதை எனக்கு உணர்த்தியது. நான் வந்திருந்த காரியமும் அதே வகையைச் சேர்ந்ததாகையால், விடியற்காலையில் அந்தக் கோயில் வாசலில் நின்று மேற்கே கறுத்துத் தெரிந்த மலைத்தொடரைப் பார்த்தபோது அதைச் சிரத்தையோடு எண்ணிக்கொண்டேன்.

காரியம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தக் கிழக்குச் சரிவில் வாழும் சாம்பல் நிற மலை அணிலையும் அதன் கூடுகளையும், வனத்துறையின் அனுமதியோடு, அந்த மலையை அறிந்தவர்களின் துணைகொண்டு, கையடக்கக் கருவி ஒன்றில் இடம் குறித்துப் பதிய வேண்டும். இந்த அணிலுக்காகவே 1988 டிசம்பரில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் காடு சரணாலயமாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதுவும் மேகமலையும் சேர்ந்து, ஆயிரத்துக்குச் சற்று மிகுந்த சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக, அறிவிக்கப்பட்டது. புலியின் பெயர் வந்த பிறகு அணிலின் பெயர் சற்றுப் பின்னுக்குப் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் வீட்டு முற்றத்தில் ஓடும் முதுகுக் கோடு போட்ட சிற்றணிலை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யக் கூடாது. தலை முதல் வால் நுனி வரை இரண்டு அடிக்குக் குறையாத, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள, தரையில் இறங்குவதையே கூடியவரை தவிர்த்து மரத்துக்கு மரம் கிளைவழியே சஞ்சரிக்கும் ஜந்து இது. சிவப்பும் கறுப்புமாகப் பளிச்சென்றிருக்கும் மலையணில் ஒன்று இதே மலையில் ஈரமான உயர்ந்த காடுகளில் உண்டு. இதுவோ சாம்பலும் பழுப்பும் கலந்த முதுகில் வெள்ளை தூவினாற்போன்ற நரை உடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. தென்னிந்தியாவிலும் காவிரிக் கரைக் காடுகள், பழனி மலை, கேரளத்துச் சின்னாறு என்று அங்கங்கே துண்டு துண்டாகத்தான் காணப்படுகிறது.

மடவார் வளாகத்திலிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு போகும் பாதை தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் ஊடுருவிச் செல்கிறது. தோப்புகளின் ஓரத்தில் யானைகள் வந்து குருத்தைப் பிய்த்துத் தின்ற தென்னைகள் அங்கங்கே தலையிழந்து நின்றன. இருள் முற்றும் பிரியாத அந்த வேளையில், எங்கிருந்தோ ஒரு வலியன் தன் குரலை இடைவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. ஆண்டாள் திருப்பாவையில் பொழுது புலர்ந்ததற்கு அடையாளமாக ஆனைச்சாத்தனின் பேச்சைச் சொல்லியிருக்கிறாள். அதை வலியன் என்றே உரைகாரர்கள் கொள்வர். பிற பறவைகள் விழிக்குமுன் கூவத் தொடங்கும் வழக்கம் அதற்கு இன்றும் மாறவில்லை. ஒரு பறவையையும் அது ஒலிக்கும் நாழிகையையும் சேர்த்துக் குறித்த அவதானிப்பு இந்த மண்ணில் அவ்வளவு பழமையானது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

சோதனைச் சாவடியில் என்னோடு சேர்ந்துகொண்டவர்கள் இருவர். ஒருவர் வனக்காப்பாளர், முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர், தம் காவல் எல்லையான பீட்டில் எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும் என்பதைத் தூக்கத்திலும் சொல்லக்கூடியவர். மற்றவர் பளியர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்த முதியவர். தேனும் கிழங்கும் எடுத்து வளர்ந்து, பின்னர் வேட்டைத் தடுப்புக் காவலராக வெகுகாலம் உழைத்து, இப்போது ஓய்ந்திருப்பவர். எழுதப் படிக்க அறியாதவர். இளைஞர் அவரைத் "தாத்தா" என்றார். அவர் என்னை "ஐயா" என்றார். நான் அவரைப் "பெரியவரே" என்று அழைத்தேன்.

கருவியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். பார்வைக்குச் சாதாரணக் கைப்பேசிதான். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞைகள், ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இதை வந்தடைகின்றன; ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்து, குறைந்தது நான்கு கோள்களின் தூரம் தெரிந்ததும், தான் நிற்கும் இடத்தை அட்சரேகை தீர்க்கரேகைகளாகச் சொல்லிவிடுகிறது. பாகையின் தசமத்தில் ஐந்தாம் ஸ்தானம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். 2000 மே மாதம் வரையில் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தபடியால் நூறு மீட்டர் வரை தடுமாறிய இந்தக் கணிதம், அந்தப் பிழை நீக்கப்பட்ட பின் திறந்த வெளியில் சில மீட்டருக்குள் நிற்கிறது. அடர்ந்த மரநிழலிலும், இருபுறமும் பாறை எழுந்த ஓடைப் பள்ளங்களிலும், சமிக்ஞை பாறையில் மோதித் திரும்பி வருவதால் மீண்டும் தடுமாறும். ஆகவே கூட்டைக் கண்டவுடன் பொத்தானை அழுத்திவிட்டு ஓடக் கூடாது. மரத்தடியில் சற்று நின்று, எண்கள் அசைவற்று அமர்ந்த பிறகே பதிய வேண்டும்.

நான் இதில் ஏற்றி வந்திருந்த படிவத்தில் எழுத்துகள் அதிகமில்லை, சித்திரங்களே மிகுதி: அணில், கூடு, கடித்துப் போட்ட காய், மரத்தில் நிற்கும் மனிதன், வெட்டுப்பட்ட மரம், யானை இலத்தி. ஒன்றைத் தொட்டால் அதற்குள் அடுத்த சித்திரங்கள் விரியும்; கடைசியில் தொட்டதும் நேரமும் இடமும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இவ்வகைச் சித்திரப் படிவத்தின் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. கலஹாரிப் பாலைவனத்து வேட்டைக்காரர்களோடு திரிந்து, தடம் படிக்கும் கலையே விஞ்ஞானத்தின் தோற்றுவாய் என்று 1990-இல் ஒரு நூல் எழுதிய லூயிஸ் லீபன்பர்க், அந்தக் கலையில் வல்லவர்கள் எழுத்தறியாதவர்களாக இருப்பதால் அவர்கள் கண்டதெல்லாம் அவர்களோடு மறைந்து போகிறதே என்று வருந்தி, ஜஸ்டின் ஸ்டீவன்டன் என்ற கணினி மாணவரின் துணையோடு, 1990-களின் நடுவில் உள்ளங்கைக் கணினிக்காக சைபர்டிராக்கர் என்ற செயலியை உருவாக்கினார். கரூ தேசியப் பூங்காவில் கரேல் பெனாடி, ஜேம்ஸ் மின்யே என்னும் தடம் பார்ப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கறுப்புக் காண்டாமிருகம் எந்தச் செடியை எங்கே மேய்ந்தது என்று பதிந்தார்கள். 1999-இல் அந்தப் பணி யானை, காண்டாமிருக ஆராய்ச்சிக்கான சஞ்சிகையில் கட்டுரையாக வந்தபோது, லீபன்பர்க் முதலியோரோடு அவ்விருவருடைய பெயர்களும் ஆசிரியர்களாக அச்சாயின. அறிவு கண்ணில் இருக்கிறது, எழுத்து அதற்கு வாகனம் மட்டுமே என்பதற்கு இதைவிட நேர்த்தியான பிரமாணம் எனக்குத் தெரியவில்லை.

ஓடைக்கரையோடு நடந்தோம். நீர்மருதும் நாவலும் மாவும் புளியும் தலை கோத்து நிற்கும் அந்த ஒடுங்கிய பசுமையே இந்த அணிலின் வாசஸ்தலம்; ஓடையை விட்டு இருபுறமும் சற்று விலகினால் சரிவில் வறண்ட இலையுதிர்காடு தொடங்கிவிடுகிறது. நடைவழியை இருநூறு இருநூறு மீட்டராகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நின்று பதிவது என்று ஏற்பாடு. முதற்பகுதியிலேயே ஒரு பெரிய புளியமரத்தின் உச்சியில், கவட்டையில் சிக்கிய பந்துபோல் சுள்ளியும் இலையுமாக ஒரு கூடு தெரிந்தது. நான் கருவியை எடுப்பதற்குள் பெரியவர் தலையசைத்தார்.

"ஐயா, அது பழசு. எலை காஞ்சு செவந்து போச்சு பாருங்க. அந்தா, அங்கிட்டு நாவல் மரத்துல பாருங்க. பச்ச எலை செருகியிருக்கு. அதுதான் இப்பக் குடியிருக்கிற வீடு."

அவர் காட்டிய திக்கில் கண்ணை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்த பிறகே, இலைகளுக்குள் இன்னும் சற்று அடர்ந்த இலைத்திரளாக அது எனக்குப் புலப்பட்டது. ஓர் அணில் தன் வாழ்விடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டிக்கொள்ளும். ஒன்றைப் புதுப்பிக்கும், ஒன்றைக் கைவிடும். கூடுகளை எண்ணி அணில்களின் தொகையென்று சொல்பவன் ஏமாந்து போவான். கூட்டின் வயதைப் பிரித்துப் பதிந்தாலன்றி அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை என்பது நூல்களில் படித்த விஷயமே. ஆனால் பச்சைக்கும் காய்ந்ததற்கும் இடையே அவர் இன்னும் இரண்டு நிலைகளைக் காட்டினார். இலை வாடத் தொடங்கியும் வாயில் அருகே சுள்ளி புதிதாக இருப்பது ஒன்று. இலை பசுமையாக இருந்தும், மழையில் அடிப்பாகம் சரிந்து, கட்டியது வீணாய்ப் போனது மற்றொன்று. இரண்டையும் அவர் தரையிலிருந்தே, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, கிளையினூடே வரும் வெளிச்சத்தை வைத்துச் சொன்னார். அன்று மாலையே படிவத்தில் அவற்றுக்குச் சித்திரங்கள் சேர்ந்தன.

கூடு இருக்கும் மரத்தைக் காட்டிலும் அதன் பக்கத்து மரத்தையே அவர் உற்றுப் பார்த்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கழுகு வந்தாலும் சிறுத்தை ஏறினாலும் அணிலுக்குத் தப்பும் வழி கிளைக்குக் கிளை தாவுவது ஒன்றே. மூன்று நான்கு மரங்களின் தலைகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்திலேயே அது கூடு கட்டும். ஒரு மரம் சாய்ந்தால் கேடு அந்த மரத்து அணிலோடு போவதில்லை, அந்த வழியே போகிற அணில்களெல்லாம் தரையில் இறங்க வேண்டியதாகிறது. ஆகவே தலை தொடாத இடைவெளிகளையும் பதிந்துகொண்டே போனோம்.

மூன்றாம் பகுதியில்தான் அணிலைக் கண்டோம். மரத்தின் மேல் தடதடவென்று உரத்த சத்தம் ஒன்று எழுந்தது. வனக்காப்பாளர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகள் இரண்டாலும் ஒரு புளியங்காயைப் பிடித்து, ஓட்டை உதிர்த்துக்கொண்டிருந்தது அது. வால் எடைக்கு எடையாக மறுபுறம் தொங்கியது. வாலின் நரைமயிர்களின் விளிம்பில் வெயில் பட்டது. ஓடு உதிர்ந்து இலைச்சருகில் விழும் சப்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. சற்றைக்கெல்லாம் எங்களை உணர்ந்து, கிளையோடு கிளையாகப் படுத்து, அசைவற்றுப் போயிற்று. இவ்வளவு பெரிய உருவம் கண்ணெதிரே கரைந்து போவது கண்டு நான் பிரமித்தேன். பெரியவர் கருவியை வாங்கி அணிலின் சித்திரத்தைத் தொட்டார். பிறகு காயைத் தொட்டார். பிறகு புளியமரத்தைத் தொட்டார். எழுத்தறியாத அந்த விரல் ஒரு கணமும் தயங்கவில்லை.

தயங்கியது அடுத்த பகுதியின் முடிவில். அங்கே அணிலும் இல்லை, கூடும் இல்லை, கடித்த காயும் இல்லை. அதற்கென்று படிவத்தில் ஒரு சித்திரம் இருந்தது: குறுக்குக்கோடு போட்ட அணில். அதைத் தொடச் சொன்னபோது பெரியவர் விரலை எடுத்துக்கொண்டார்.

"இது என்ன சொல்லுது ஐயா? இந்த எடத்துல அணில் கெடையாதுன்னு சொல்லுதா, இல்ல நம்ம கண்ணுல தட்டுப்படலைன்னு சொல்லுதா? கெடையாதுன்னா நான் தொட மாட்டேன். நேத்து இருந்திருக்கும், நாளைக்கு வரும். இப்பவே மேல படுத்துக்கிட்டு நம்மளப் பாத்துக்கிட்டு இருந்தாலும் இருக்கும்."

காட்டு உயிர்களைக் கணக்கெடுக்கும் சாத்திரத்தில் ஆழமான கேள்வி இதுதான். 2002-இல் டாரில் மெக்கென்சியும் அவருடைய சகாக்களும் சூழலியல் சஞ்சிகையில் வெளியிட்ட ஒரு கட்டுரை இதையே எடுத்துக்கொண்டு விடை சொன்னது: ஒரே இடத்துக்கு ஒரு பருவத்தில் பல முறை போய், ஒவ்வொரு முறையும் கண்டதா காணவில்லையா என்று மாத்திரம் எழுதி வைத்தால், உயிர் இருந்தும் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். இருந்தும் காணாமற்போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு முறை போயும் காணாமலிருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அப்படிச் சுருங்க வேண்டுமானால் காணாத நடை ஒவ்வொன்றும் ஏட்டில் இருக்க வேண்டும். வனக்காப்பாளர் இதைத் தமக்குத் தெரிந்த முறையில் தாத்தாவுக்கு விளக்கினார்: "நம்ம பாத்தோம், தட்டுப்படலை, அவ்வளவுதான் தாத்தா. திரும்பத் திரும்ப வந்து பாத்தப்புறம்தான் மத்தது." பெரியவர் கேட்டு, யோசித்து, அப்படியானால் சரியென்று தொட்டார்.

இந்தக் கருவியின் முக்கியமான உபகாரம் இதுவே என்பது என் அபிப்பிராயம். அணிலைக் கண்ட இடத்தைக் குறிப்பது பழைய நோட்டுப் புத்தகத்திலும் முடியும். ஆனால் நடந்த வழியை, நின்ற நேரத்தை, ஒன்றுமே காணாமல் கடந்த இருநூறு மீட்டரை, நோட்டுப் புத்தகத்தில் யார் எழுதினார்கள்? கண்டதை மட்டும் எழுதும் வழக்கத்தினால் விளைந்த கேட்டை நம் தேசம் ஒரு முறை கசப்பாக அனுபவித்திருக்கிறது. ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் புலிகள் உண்டென்று கணக்கேடுகள் ஆண்டுதோறும் சொல்லிவந்தன. 2005-இல் அங்கே ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது வெளிப்பட்டது. அதன் பிறகே கால்தடத்தை வரைந்து எண்ணும் பழைய முறை கைவிடப்பட்டு, தானியங்கிப் புகைப்படக் கருவிகளும், வரையறுத்த நடைகளும், 2010-இல் தொடங்கிய எம்-ஸ்ட்ரைப்ஸ் என்னும் ரோந்துப் பதிவு முறையும் வந்தன. 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்த புகைப்படக் கருவிகள் 3,48,58,623 படங்களை எடுத்தன என்பதும், அது கின்னஸ் சாதனையாயிற்று என்பதும் பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்திகள். அதே கணக்கெடுப்பில் வனப் பணியாளர்கள் 5,22,996 கிலோமீட்டர் தூரம் காலால் நடந்தார்கள் என்பதை யாரும் கொண்டாடவில்லை. 2022-இல் அது 6,41,449 கிலோமீட்டர் ஆயிற்று. 2018-இன் படங்களில் புலி தெரிந்தவை 76,651 மாத்திரமே. மற்றப் படங்களும், வெறுமையாகக் கழிந்த நடைகளும் இல்லையென்றால் அந்த எழுபத்தாறாயிரத்துக்கு மதிப்பேது?

பறவை பார்ப்பவர்களும் இதே நெறிக்கு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் 2002-இல் தொடங்கிய ஈபேர்டு தளத்தில் பட்டியலை முடிக்கும்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், கண்டறிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று சொன்னால் அந்தப் பட்டியலில் இல்லாத பறவைகளும் சாட்சியாகிவிடும். ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் இப்படி எழுதிய மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 பறவை இனங்களின் நிலையை ஆராய்ந்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலையறிக்கை வெளிவந்தது. நம் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே பதினைந்து நிமிஷம் நின்று எழுதும் பட்டியலும் அந்தக் கோடிகளோடு சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னதனால் காகிதத்தை நான் இகழ்வதாக எண்ணிவிடலாகாது. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன், அ. மாதவையாவின் புதல்வர், நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினாரே, அவருடைய கண் கூர்ந்து நின்ற இடங்களை எந்தப் படிவமும் கொள்ளாது. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்து, பின்பு பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2024-இல் மறைந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், காட்டில் நடப்பதையே தம் முதற்கல்வியாகக் கொண்டவர். ஜஸ்டஸ் ஜோஷுவாவோடு சேர்ந்து 1994-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, மனிதரின் இடையூறு இந்தச் சாம்பல் அணிலின் இருப்பிடத்தை எப்படிக் குலைக்கிறது என்பதைக் கூறிற்று. இவர்களுடைய கையில் செயற்கைக்கோள் இல்லை. கருவி கையிலிருக்க, கண் திரையிலேயே கிடக்கும் இளைஞர்களைக் கண்டால் எனக்கு வேதனையாகவே இருக்கிறது. திரையைப் பார்க்கும் ஒவ்வொரு கணமும் மரத்தைப் பாராத கணம். ஆகவே நடக்கிறவர் நடக்க, பார்க்கிறவர் பார்க்க, பதிகிறவர் நின்ற இடத்தில் மாத்திரம் பதிய வேண்டும் என்பதை எங்கள் மூவருக்குள் ஒரு நியமமாகவே வைத்துக்கொண்டோம்.

வேறொரு கவலையும் உண்டு. கூட்டின் இருப்பிடத்தைச் சில மீட்டர் துல்லியமாக எழுதி வைப்பது ஆராய்ச்சியாளனுக்கு எவ்வளவு பயனுள்ளதோ, வேட்டைக்காரனுக்கும் அவ்வளவு பயனுள்ளது. அபூர்வ உயிர்களின் இடங்களைப் பொதுவில் காட்டும்போது வேண்டுமென்றே மங்கலாக்கி, ஒரு பெரிய சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும் வழக்கம் உலகெங்கும் வந்திருப்பது நல்லது. எங்கள் பதிவுகள் வனச்சரக அலுவலகத்தோடு நின்றுவிட்டன. இந்தக் கட்டுரையிலும் ஓடையின் பெயரை நான் எழுதாமல் விட்டது அதனாலேயே. காட்டழகர் கோவிலுக்கும் ராக்காச்சியம்மன் சந்நிதிக்கும் போகும் பக்தர்கள் நடக்கும் வழிகளில் சில மரங்கள் இருக்கின்றன என்பதற்கு மேல் சொல்வது உசிதமாகாது.

பின்னொரு காலையில் ராஜபாளையம் பக்கம் அய்யனார் கோவில் காட்டுக்குப் போனோம். மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நூற்பாலைகளின் இரவுப்பணி முடித்துத் தொழிலாளர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வீடு திரும்பும் வேளையில் ஊரைக் கடந்து மேற்கே திரும்பினோம். பெரியவரின் மகளை அய்யனார் கோவில் குடியிருப்பில் கொடுத்திருப்பதால் அவரும் ஆவலோடு வந்தார். மலையிலிருந்து இறங்கும் நீர் ராஜபாளையத்துக் குடிநீராகும் இடம் அது. ஓடையின் இருபுறமும் பாறை நெருங்கிய ஓரிடத்தில் கருவி எங்களை நாங்கள் நின்ற கரையை விட்டு எதிர்ச் சரிவின் பாதியில் நிற்பதாகக் காட்டிற்று. வனக்காப்பாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, பெரிய மருதமரம், பாறையில் வெள்ளைக் கோடு, ஓடை வலப்பக்கம் திரும்பும் இடம் என்று எழுதிக்கொண்டார். செய்ய வேண்டியதும் அதுதான்.

அந்த நடையில் அணில் தட்டுப்படவில்லை. கூடும் தென்படவில்லை. பகுதிக்குப் பகுதி பெரியவர் நின்று, அண்ணாந்து, சுற்றிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, குறுக்குக்கோடு போட்ட அணிலைத் தொட்டுக்கொண்டே வந்தார். தொட்ட ஒவ்வொரு முறையும் நின்ற நிமிஷங்களும் நடந்த மீட்டர்களும் பின்னால் சேர்ந்துகொண்டே வந்தன. ஓரிடத்தில் மட்டும் அவர் முகர்ந்து பார்த்து, "தேன் எடுக்கப் பந்தம் கொளுத்தியிருக்காங்க ஐயா, பொகை வாடை இன்னும் போகலை. அதான் எல்லாம் மேல ஏறிருச்சு" என்றார். படிவத்தில் புகைக்குச் சித்திரம் இல்லை. ஆனால் குரலைப் பதியும் வசதி இருந்தது. அவருடைய வார்த்தையை அவருடைய குரலிலேயே, அந்த இடத்தின் எண்களோடு சேர்த்துப் பதிந்தோம்.

மகள் வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வனக்காப்பாளர் அன்றைய வழியைத் திரையில் விரித்துக் காட்டினார். பச்சைக் கோடாக எங்கள் நடை ஓடையோடு வளைந்து சென்றிருந்தது. அதன்மேல் ஒரு கூட்டின் அடையாளமும் இல்லை. இதே வழியை எப்போது மறுபடி நடக்கலாம் என்று அவர் கேட்டார். பெரியவர் திண்ணையிலிருந்தே எதிர்ச் சரிவின் புளியமரங்களைக் காட்டி, பங்குனியில் பழம் உதிரத் தொடங்கும் முன், ஊரார் உலுக்க வருவதற்கு ஒரு வாரம் முந்தி வந்தால் நல்லது, அதுவும் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றார். அதே பகுதிகள், அதே வேளை, நடப்பவர்களும் அதே மூவர் என்று வனக்காப்பாளர் பங்குனி முதல் வாரத்துக்கு நேராகக் குறித்துக்கொண்டார். புகைக்கு ஒரு சித்திரம் வரைந்து சேர்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.